ஒரே எண்ணில் இரண்டு பில்

ஆடித் தள்ளுபடியின் முதல் நாள் காலை. வேட்டி ஒன்று வாங்கிய பெரியவர் டெலிவரி கவுண்டரில் பில்லை நீட்டினார். உள்ளேயிருந்த பையன் எண்ணைப் பார்த்து ஒரு பட்டுப்புடவைப் பெட்டியை எடுத்துக் கொடுத்தான். பெரியவர் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது நம்மளுது இல்லப்பா" என்று திருப்பித் தந்தார். அவர் நல்ல மனிதராக இருந்ததால் கடை பிழைத்தது. அன்று மதியத்துக்குள் இப்படிப் பதினொரு பேருக்குப் பொருள் மாறிப் போயிருந்தது. எல்லாரும் திருப்பித் தரவில்லை.

அந்த பில் மென்பொருளைச் சோதித்துப் பார்த்து, "சரியாக இருக்கிறது" என்று மெயில் அனுப்பியவன் நான்.

தென்மாவட்டத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. நான்கு மாடி, 14 பில் கவுண்டர். பெரிய ஜவுளிக்கடைகளின் நடைமுறை தெரிந்ததுதான்: மாடியில் துணி எடுத்தால் கையில் தரமாட்டார்கள். கவுண்டரில் பணம் கட்டி, கீழே வந்து, பில்லைக் காட்டித்தான் வாங்க வேண்டும். ஆகவே பில் எண்தான் அங்கே எல்லாம். எங்கள் மென்பொருள் அந்த எண்ணையே இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டது.

எப்படி? கேட்டால் சிரிப்பு வரும். ‘சேவ்’ அழுத்தியதும் மென்பொருள் டேட்டாபேஸில் கடைசி பில் எண் என்ன என்று பார்க்கும். 4,218 என்றால் ஒன்றைக் கூட்டி 4,219 என்று வைத்துக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு பொருளாக ஸ்டாக்கில் கழிக்கும். கடைசியாகத்தான் பில்லை எழுதிவைக்கும். இந்த இடைவெளியில் வேறொரு கவுண்டர் எட்டிப் பார்த்தால் அதன் கண்ணுக்கும் 4,218தான் தெரியும். அதுவும் 4,219 போடும். எங்கள் அலுவலகத்தில் ஸ்டாக் பட்டியலில் 200 சாம்பிள் பொருள்கள் இருந்தன. இடைவெளி கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. போதாக்குறைக்கு, சோதித்தது நான் ஒருவன், ஒரே கணினியில். கடையிலோ 60 ஆயிரத்துக்கு மேல் பொருள்கள். ஒவ்வொன்றையும் தேடிக் கழிக்க நேரம் பிடித்தது. ஒரு பில்லுக்கு ஆறேழு விநாடி. அதற்குள் மற்ற 13 கவுண்டரிலும் ‘சேவ்’ தட்டிக்கொண்டிருந்தார்கள்.

எதை எப்படித் தட்டிப் பார்க்க வேண்டும் என்று நான் எழுதிய டெஸ்ட் கேஸ்கள் 412. அத்தனையும் பாஸ். அதில் பொய் இல்லை. 14 கவுண்டரிலும் ஒரே நேரத்தில் பில் போட்டுப் பார்ப்பதும் என் திட்டத்தில் இருந்தது, கடைசி வரியில். அந்த வரியைத்தான் அடித்தார்கள்.

நாள் குறித்தது கடை முதலாளி. ஆடி ஒன்றாம் தேதி. கல்யாண முகூர்த்தம் மாதிரி, அதை யாரும் தள்ளி வைக்க முடியாது. அந்தக் கடைக்கு வருஷத்தில் இரண்டே சீசன்: ஆடி, தீபாவளி. டெவலப்பர்கள் மே மாதம் முடித்துத் தருவதாகச் சொன்னது ஜூலை இரண்டாம் வாரம் வரை இழுத்தது. தினம் ஒரு மாற்றம் கேட்டது கடைக்காரர்கள் என்பதால் டெவலப்பர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எனக்கென்று ஒதுக்கிய மூன்று வாரம் ஆறு நாளாயிற்று. "முக்கியமானதை மட்டும் பாரு, மத்ததை கடைல போய் பாத்துக்கலாம்" என்றார் மேனேஜர். சரி என்றேன். அப்போது எனக்கு இரண்டு வருட அனுபவம்.

‘டெஸ்டிங்குக்கு நேரம் இல்லை’ என்று எல்லாரும் பொதுவாகச் சொல்கிறோம். நேரம் குறைந்தால் எல்லாச் சோதனையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி நடப்பதே இல்லை. வெட்டு எப்போதும் வாலில்தான் விழும். முதலில் செய்கிற சோதனைகள், அதாவது தனித்தனிப் பகுதிகளைத் தட்டிப் பார்ப்பவை, எப்படியும் நடந்துவிடும். கடைசியில் வருபவைதான் போகும்: நிஜ டேட்டா, நிஜக் கூட்டம், நிஜ இடம். எவை நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றனவோ அவை போய்விடும்.

பெரிய இடங்களிலும் இதே கதைதான் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். கொஞ்சம் ஆறுதல்கூட, உண்மையைச் சொன்னால். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் 5ஆம் முனையம் 2008 மார்ச் 27 அன்று திறந்தது. கட்டட வேலை தாமதமானதில் பெட்டிகளைக் கையாளும் அமைப்பைச் சோதிக்கும் காலம் சுருங்கிப்போயிற்று. சோதனை சமயத்தில் தகவல்கள் வெளியே போய் மற்ற இடங்களைக் குழப்பாமல் இருக்க ஒரு வடிகட்டி போட்டிருந்தார்கள். திறப்பு நாளில் அதை எடுக்க மறந்துவிட்டார்கள். மற்ற நிறுவனங்களின் விமானங்களிலிருந்து மாறி வந்த பெட்டிகளைப் பற்றிய தகவல் உள்ளே வரவே இல்லை. ஊழியர்கள் பலரால் கணினிக்குள் லாகின் செய்யவும் முடியவில்லை. அந்தச் சில நாள்களில் 42 ஆயிரம் பெட்டிகள் ஆளோடு போகவில்லை, 500 விமானங்களுக்கு மேல் ரத்து. அந்த முனையத்தைப் பயன்படுத்திய பிரிட்டிஷ் ஏர்வேஸின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி வில்லி வால்ஷ் நாடாளுமன்றக் குழு முன் சோதனையில் சமரசம் செய்துகொண்டதை ஒப்புக்கொண்டார்.

இன்னொன்று பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி. 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் புதிய அமைப்புக்கு ஒரேயடியாக மாற்றினார்கள். 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் நின்றார்கள். புதிய அமைப்பு இரண்டு டேட்டா சென்டர்களில், அதாவது சர்வர்கள் இருக்கும் இரண்டு இடங்களில், சேர்ந்து ஓட வேண்டியது. பளு தாங்குகிறதா என்ற சோதனையை ஒன்றில் மட்டும்தான் செய்திருந்தார்கள் என்று பிறகு வந்த சுதந்திரமான விசாரணை அறிக்கை சொன்னது. 2022 டிசம்பரில் 4.865 கோடி பவுண்ட் அபராதம். இதைப் படித்தபோது என் ஒற்றைக் கணினி நினைவுக்கு வந்தது. அவர்களுக்கு ஒரு டேட்டா சென்டர், எனக்கு ஒரு டெல் கணினி.

கடைக்குத் திரும்புகிறேன். மூன்றாவது மாடியில், குழந்தைகள் பிரிவில், பில்லே வரவில்லை. மற்ற மாடிகளில் இருந்த ஸ்கேனர் பார்கோடைப் படித்ததும் தானாக ‘என்டர்’ கொடுக்கும். மூன்றாவது மாடியில் இருந்தது வேறு கம்பெனி ஸ்கேனர். அது கொடுக்காது. பழைய மென்பொருள் அதை எப்படியோ சமாளித்திருக்கிறது. எங்களிடம் இருந்த ஒரே ஸ்கேனர் முதல் ரகம். மூன்றாவது மாடிக்கு நாங்கள் யாரும் ஏறிப் பார்த்ததே இல்லை. டெமோ காட்டியது தரைத்தளத்தில், முதலாளி அறையில், ஏசியில்.

அப்புறம் ‘சேர்த்து பில்’. கல்யாண வீட்டுக்காரர்கள் நான்கு மாடியிலும் எடுத்துவிட்டு ஒரே இடத்தில் பணம் கட்டுவார்கள். எங்கள் மென்பொருளில் அதற்கு வழியே இல்லை. தேவைகளை எழுதிய ஆவணத்தில் அந்த வார்த்தை இல்லை. பதினெட்டு வருடமாகக் கல்லாவில் உட்காரும் அக்காவிடம், "இதை நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று கேட்டேன். "எங்கிட்ட யாரு தம்பி கேட்டீங்க?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ரப்பர் பேண்டில் நோட்டைச் சுற்றிக்கொண்டே சொன்னார்.

இரண்டு மணிக்கு முதலாளி ஒரு வார்த்தை திட்டாமல் குடோனிலிருந்து பழைய கார்பன் பில் புத்தகங்களை எடுத்து வரச் சொன்னார். தூசி தட்டி, கவுண்டருக்கு இரண்டு. கையால் எழுதியே அன்றைய ஆடி ஓடியது. ராத்திரி பதினொன்றரைக்குக் கணக்கு முடித்தபோது 3,100 ரூபாய் இடித்தது. அன்றைக்கு அது சாதனை.

பில் எண்ணைச் சரிசெய்ய டெவலப்பருக்கு அரை நாள்தான் ஆயிற்று. தேடுதலை வேகமாக்க இன்னொரு நாள். மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிறு இரவு கடை அடைத்த பிறகு 14 பேரையும் உட்காரவைத்து ஒரே நேரத்தில் பில் போடச் சொன்னோம். முதலாளி எல்லாருக்கும் பரோட்டா வாங்கி வைத்திருந்தார். ஒரே எண் இரண்டு பேருக்கு வரவில்லை, வேகமும் சரி. நான் நிம்மதியாக மூச்சு விட்ட நேரத்தில் கல்லா அக்கா கையைத் தூக்கினார். பாதி பில்லில் இருக்கும்போது வாடிக்கையாளர் "இருங்க, இன்னொரு புடவை பாத்துட்டு வரேன்" என்று போய்விட்டால் செய்வதுபோல, அந்த பில்லை அப்படியே நிறுத்திவிட்டு அடுத்தவருக்குப் போட்டிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால், முதல் பில்லில் இருந்த புடவைகள் இரண்டாவது பில்லில் போய் உட்கார்ந்திருந்தன.

"இப்படியா யாராவது பண்ணுவாங்க?" என்றார் டெவலப்பர்.

"தினமும் பத்து தடவை" என்றார் அக்கா.

413ஆவது டெஸ்ட் கேஸாக அதை எழுதிக்கொண்டேன். பரோட்டா ஆறிப்போயிருந்தது.