மெமரி டிரைவர் ஒன்றை ரிவ்யூ செய்த அனுபவம்

போன மாதம் ஒரு பேட்ச், அதாவது கோடில் சேர்க்க வேண்டிய மாற்றம், சரிபார்க்கச் சொல்லி என் பெயருக்கு வந்து நின்றது. 380 வரி. மெமரிக்குள்ளேயே இயங்கும், பைட் வரிசையாகப் படிக்கவும் எழுதவும் விடும் ஒரு கேரக்டர் டிவைஸ் டிரைவர். எழுதியவர் எங்கள் குழுவில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு தம்பி. பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்து, தேசிய சேவையும் முடித்து நேராக எங்களிடம் வந்தவர். நான் பல வருடமாக டிரைவர் எழுதுகிறேன். ஆனால் இன்னொருவரின் கெர்னல் கோடுக்கு, அதாவது இயங்குதளத்தின் உட்கருவில் ஓடும் கோடுக்கு, நான் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது இதுவே முதல் தடவை.

டிரைவர் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் சென்சார் போர்டு கைக்கு வர இன்னும் நாளாகும். அதுவரை அப்ளிகேஷன் எழுதுகிறவர்கள் சும்மா இருக்க முடியாது. அதனால் போர்டுக்குப் பதிலாக 4096 பைட் மெமரித் துண்டு (பஃபர்) ஒன்றை வைத்துக்கொண்டு, எழுதினால் வாங்கி வைத்து, படித்தால் திருப்பிக் கொடுக்கும் ஒரு டிவைஸ். லினக்ஸில் எல்லோருக்கும் தெரிந்த டெவ் நல், டெவ் ஜீரோ மாதிரி இதற்கும் பின்னால் ஹார்டுவேர் எதுவும் கிடையாது.

முதல் நாள் கோப்பை மேலிருந்து கீழே படித்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. கோடின் நடையைச் சோதிக்கும் செக்பேட்ச் ஓட்டினால் பிழை பூஜ்யம், எச்சரிக்கை பூஜ்யம். கோடை ஓட்டாமலே பிழை தேடும் ஸ்பார்ஸும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு மாறிகளின் பெயரை மாற்றச் சொல்லிக் குறிப்பு எழுதிவிட்டு "சரி" என்று போடப் போனேன். போட மனம் வரவில்லை. 380 வரி கெர்னல் கோடில் பெயரைத் தவிர எனக்கு ஒன்றுமே தட்டுப்படவில்லை என்றால், நான் படித்த விதத்தில்தான் ஏதோ கோளாறு.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஊபியிலிருந்து புக்கிட் பாஞ்சாங் வரை டௌன்டவுன் ரயில் பாதையில் மாறாமல் போகலாம். உட்கார இடம் கிடைத்தால் படிக்க நல்ல நேரம் அது. இந்த முறை எழுதியவரின் வரிசையை விட்டுவிட்டு, வெளியிலிருந்து உள்ளே வரும் மதிப்புகளை மட்டும் பென்சிலால் தொடர்ந்தேன். ரீட், ரைட் இரண்டிலும் பயனர் கையிலிருந்து வருவது மூன்றுதான்: ஒரு முகவரி, எத்தனை பைட் என்ற எண், கோப்பில் எந்த இடம் என்ற எண். மூன்றுமே அந்நியர் கொடுப்பவை. ஒவ்வொன்றும் எங்கே சோதிக்கப்படுகிறது, எங்கே சோதிக்கப்படாமல் நழுவுகிறது என்று பார்த்தேன். லிட்டில் இந்தியா தாண்டுவதற்குள் இடம் என்ற எண்ணில் பென்சில் நின்றுவிட்டது.

ரீட் ஃபங்ஷனில் தம்பி எழுதியிருந்தது இதுதான்: இடம் 4096-க்குச் சமம் என்றால் பூஜ்யம் திருப்பு, அதாவது கோப்பு முடிந்தது. இல்லையென்றால் 4096-லிருந்து இடத்தைக் கழி. கேட்ட அளவு, மிச்ச அளவு இரண்டில் எது சிறியதோ அதைக் கொடு. இடம் 4096-ஐத் தாண்டியிருந்தால்? 4100 என்று வைத்துக்கொள்ளுங்கள். கழித்தால் மைனஸ் 4. ஆனால் குறியில்லாத 64 பிட் எண்ணில் மைனஸ் கிடையாது. அது 18446744073709551612 ஆகிவிடும். அதோடு ஒப்பிட்டால் பயனர் கேட்டதுதான் எப்போதும் சிறியது. 64 பைட் கேட்டால் பஃபருக்கு வெளியே இருக்கும் 64 பைட் அப்படியே போய்விடும். கெர்னல் மெமரி அது. யாருடையதாகவும் இருக்கலாம்.

மறுநாள் காலை அலுவலகத்துக்குக் கீழே கோப்பிக்கடையில் தே ஓ வாங்கிக்கொண்டு உட்கார்ந்து காட்டினேன். தம்பி கவனமாகப் பார்த்தார். "அக்கா, இடம் 4096-ஐத் தாண்டவே முடியாது. எல்சீக்ல தடுத்திருக்கேன் பாருங்க" என்றார். உண்மைதான். கோப்பில் இடத்தை நகர்த்தும் எல்சீக் ஃபங்ஷனில் நல்ல சோதனை இருந்தது. சாதாரண ரீட், ரைட் இரண்டும் எல்லைக்குள்தான் நகர்ந்தன. அவர் யோசிக்காமல் எழுதவில்லை.

"பிரீட்ல கூப்பிட்டா?" என்று கேட்டேன்.

பிரீட் என்பது புரோகிராம் கெர்னலை அழைக்கும் சிஸ்டம் கால்களில் ஒன்று; இடத்தைத் தன்னோடு கொண்டுவரும். எல்சீக் பக்கமே போகாது. நேராக ரீட் ஃபங்ஷனில் வந்து இறங்கும். கெர்னலின் பொது அடுக்கு, இடம் மைனஸாக இருக்கிறதா என்றெல்லாம் பார்க்கும். நம் பஃபர் 4096-தான் என்பது அதற்கு எப்படித் தெரியும்? தம்பி கோப்பையைக் கீழே வைத்தார். அவர் முகம் மாறியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவமானப்பட்ட முகம் இல்லை அது. ஒரு புதுக் கதவு திறந்ததைப் பார்த்த முகம்.

மேலே போய் கியூஎமு என்ற மெய்நிகர் கணினியில், மெமரி எல்லை மீறலைப் பிடிக்கும் கேசான் போட்டு பில்ட் செய்த கெர்னலை ஏற்றி, 4100-லிருந்து 64 பைட் கேட்கும் பத்து வரி சி புரோகிராம் ஒன்றை ஓட்டினோம். எல்லை தாண்டிய வாசிப்பு என்று கேசான் உடனே கத்தியது. சமம் என்ற குறியை 'சமம் அல்லது பெரியது' என்று மாற்றியதும் அடங்கியது. மாற்றம் ஒரே ஓர் எழுத்து.

இரண்டாவது பிழை ரைட் பக்கம். பயனரின் மெமரியிலிருந்து கெர்னலுக்கு எடுத்துவரும் காப்பி ஃப்ரம் யூசர் ஃபங்ஷன், காப்பி செய்ய முடியாமல் போன பைட்டுகளின் எண்ணிக்கையைத் திருப்பித் தரும். பூஜ்யம் வந்தால் எல்லாம் நகர்ந்துவிட்டது என்று பொருள். பூஜ்யம் இல்லையென்றால் தம்பி அந்த எண்ணை அப்படியே ரைட்டின் பதிலாகத் திருப்பியிருந்தார். தவறான முகவரியோடு ஒருவர் 100 பைட் எழுத வந்தால் ஒரு பைட்கூட நகராது; மிச்சம் 100. ரைட் 100 என்று சொன்னால் அவருக்கு அது 'நூறும் எழுதியாகிவிட்டது'. முழுத் தோல்வி முழு வெற்றி என்று போய்ச் சேர்கிறது. அங்கே 'முகவரி தவறு' என்று சொல்லும் இஃபால்ட் பிழைதான் போக வேண்டும்.

மற்றவை சின்னவை. மெமரி ஒதுக்கும் கேமாலாக் அதைத் துடைக்காமல் தரும். எதுவும் எழுதுவதற்கு முன்பே படித்தால் யாரோ விட்டுப்போன பழைய பைட்டுகள் தெரியும், அதனால் துடைத்துத் தரும் கேஜாலாக். டிவைஸைக் கெர்னலில் பதிவு செய்யும் சிடெவ் ஆட் அழைத்த நொடியே டிவைஸ் உயிரோடு இருக்கிறது, எனவே பஃபர் ஒதுக்குவது அதற்கு முன்னால் நடக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுத வந்தால் என்ன செய்வது என்பதற்கும் பதில் இல்லை, ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டு, அதாவது மியூட்டெக்ஸ் வேண்டும்.

இவற்றை எழுத்தில் எப்படிச் சொல்வது என்பதில்தான் எனக்கு அதிக நேரம் போனது. முதலில் "இது தவறு, மாற்றவும்" என்று எழுதினேன். படித்துப் பார்த்தபோது பிடிக்கவில்லை. அழித்துவிட்டு ஒவ்வொரு குறிப்பிலும் பிழையை வரவழைக்கும் கட்டளையையும், அது தரும் விடையையும், வர வேண்டிய விடையையும் வைத்தேன். "தவறு" என்றால் என் வார்த்தையை நம்ப வேண்டியிருக்கும். கட்டளை இருந்தால் அவரே ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம், நான் சொன்னது பிசகென்றால் என்னையும் மறுக்கலாம். சிறியவர் பெரியவரிடம் "இல்லக்கா" என்று சொல்லத் தயங்கும் இடத்தில் இது ரொம்பவே உதவுகிறது.

இரண்டாவது பதிப்பு இரண்டு நாளில் தயாரானது. அதை அனுப்புவதற்கு முன்பே தம்பி என் மேசைக்கு வந்துவிட்டார். அவருடைய டெஸ்ட் ஸ்கிரிப்ட் பாதியில் தொங்கி நிற்கிறது, கண்ட்ரோல் சி அடித்தாலும் சாகவில்லை. 120 விநாடி கழித்து 'டாஸ்க் தொங்குகிறது' என்று கெர்னல் லாகிலும் செய்தி வந்திருந்தது. தவறான முகவரி டெஸ்ட் முடிந்து அடுத்த ரைட்டில் நிற்கிறது என்பதுவரை அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார். நான் பதில் சொல்லவில்லை, அந்தப் பதிப்பைப் பிரிண்ட் எடுத்து நீட்டினேன். பூட்டுப் போட்ட இடத்திலிருந்து வெளியேறும் வழிகளை விரலால் தொட்டு எண்ணினார். மூன்று. இஃபால்டோடு வெளியேறும் வழியில் பூட்டைத் திறக்கவே இல்லை. "அக்கா, சாவியோட ஓடிட்டேன்" என்றார்.

மூன்றாவது பதிப்பில் வெளியேறும் வழி எல்லாம் பூட்டைத் திறக்கும் ஒரே லேபிளில் வந்து சேர்ந்தன. டெஸ்டுகளும் பேட்சோடு கூடவே வந்தன. பிரீட், தவறான முகவரி, நான்கு புரோசஸ் சேர்ந்து எழுதுவது. அவற்றை ஓர் இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் லாக் சுத்தமாக இருந்தது. 'ரிவ்யூட் பை' என்று என் பெயரைச் சேர்க்கும் முன் ஒரு தடவை, பென்சிலோடு, அந்த மூன்று மதிப்புகளையும் தொடர்ந்து பார்த்தேன். அப்புறம் சேர்த்தேன்.

அன்று மாலையே அடுத்த பேட்ச் வந்துவிட்டது. தரவு வரும்வரை ரீட் காத்திருக்க வேண்டுமாம். வெயிட் க்யூ சேர்த்து 210 வரி. பிரிண்ட் எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன்.