கான்ஸ்டபிளின் நண்பகல்

லண்டன் நேஷனல் கேலரியில் ‘தி ஹே வெய்ன்’ (வைக்கோல் வண்டி) ஓவியத்தை விட்டு நகரவே மனம் வரவில்லை. ஆறடிக்கும் மேல் அகலமான படம். ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821-இல் வரைந்தது. ஆழமில்லாத ஆற்றில் வெறும் வண்டி ஒன்று நிற்கிறது. குதிரைகளின் சேணத்தில் சிவப்பு தீற்றியிருக்கிறார். அத்தனை பச்சைக்கும் நடுவே கண் அங்கேதான் போய் நிற்கிறது. இடப்பக்கம் வில்லி லாட் என்ற குடியானவரின் வீடு. கரையில் ஒரு நாய். வலப்பக்கம், வெகு தொலைவில், புல் அறுப்பவர்கள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிகிறார்கள். படத்தை ஒட்டிப் போய்ப் பார்த்தேன். நாயின் அருகே மங்கலான ஒரு கறை. முதலில் அங்கே ஒரு பீப்பாயை வரைந்து, வேண்டாமென்று பிறகு மூடியிருக்கிறார். இருநூறு ஆண்டுகள் கழித்து அது மெல்ல மேலே வருகிறது!

இந்தக் கோடைக்காட்சியை அவர் தீட்டியது லண்டன் குளிர்காலத்தில், நான்கு சுவர்களுக்குள். முன்பு வரைந்த மாதிரிப் படங்கள் கைவசம் இருந்தும் வண்டியின் அமைப்பில் அவருக்குச் சந்தேகம். ஊரிலிருந்த தம்பி ஆப்ராம் வழியாக, ஓர் இளைஞர் குளிரில் நின்று வரைந்த வண்டிப் படத்தை வரவழைத்துக்கொண்டார். அவர் வைத்த தலைப்பு ‘நிலக்காட்சி: நண்பகல்’. லண்டனில் காட்சிக்கு வைத்தபோது யாரும் வாங்கவில்லை. 1824-இல் பாரிஸில் அதற்குத் தங்கப் பதக்கமே கிடைத்தது.

மறுநாளே லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறினேன். ஒரு மணி நேரத்தில் மேனிங்ட்ரீ. அங்கிருந்து ஸ்டூர் ஆற்றை ஒட்டிய வயல்வெளியில் நடந்தால் படத்திலுள்ள இடமான ஃப்ளாட்ஃபோர்டு. கான்ஸ்டபிளின் தந்தை நடத்திய மாவு ஆலை செங்கல் நிறத்தில் அப்படியே நிற்கிறது. அதன் எதிரே நீரைத் தாண்டிப் பார்த்தால் வில்லி லாட்டின் வீடு! வெள்ளைச் சுவரும் ஓட்டுக்கூரையுமாக, படத்திலிருந்த அதே வீடு. சட்டென்று தொண்டை அடைத்துக்கொண்டது. சிறுவயதில் ஓடியாடிய இந்த இடத்தை, புகழுக்காக எங்கும் தேடிப் போகாமல், வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வரைந்த மனிதர் அவர். அந்தப் பிடிவாதத்தின் மீதுதான் எனக்கு இத்தனை பிரியம்.

நண்பகலாகியும் வானம் மூடியே கிடந்தது. ஆலைச் சுவரருகே காத்திருந்தேன். மேகம் விலகியதும் வலப்பக்கப் புல்வெளியில் ஒரு துண்டு மட்டும் மஞ்சளாகப் பளிச்சிட்டது. படத்தில் வெயில் விழுவதும் அந்தப் பக்கம்தான். அடுத்த மேகம் வந்து மூடும்வரை கண்ணெடுக்கவில்லை.