45 வரவேண்டிய இடத்தில் 79

நான் கேட்டது ஒளி இடுக்கியில், அதாவது லேசர் ஒளியால் நுண்ணிய மணிகளைப் பிடித்து இழுக்கும் கருவியில், நான்கு மணி நேரம். அதற்காகக் கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு மூன்று முறை போய்வந்தேன். டிஎன்ஏவைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதம்தான் என் ஆய்வு. அது எவ்வளவு விசையில் பிடி விடுகிறது என்று பார்க்க எங்கள் துறையில் கருவி இல்லை. பினாங்கில் ஓர் இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. வெளியாட்களுக்கும் வாடகைக்குக் கொடுக்கிறார்கள்.

முதல் பயணம் ஜூலை 7, திங்கட்கிழமை. கே.எல். சென்ட்ரலில் ஈடிஎஸ் ரயில் ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, ஃபெரியில் கரை கடந்து போய்ச் சேர்ந்தால், கட்டடம் பூட்டிக் கிடந்தது. ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகர நாளாம். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றதைக் கொண்டாடிப் பினாங்குக்கு மட்டும் விடுமுறை. கோலாலம்பூரில் அன்று எல்லாரும் வேலைக்குப் போகிறார்கள். அந்தத் தேதிக்கு முன்பதிவு செய்தபோது ‘உறுதி செய்யப்பட்டது’ என்று மின்னஞ்சல் அனுப்பியதும் அதே ஆய்வகம்தான். வேறு மாநிலத்துக்குப் போகிறவர்கள் அந்த மாநில நாட்காட்டியைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

இரண்டாம் பயணம் அதைவிட எரிச்சல். என்னிடம் எங்கள் பல்கலைக்கழகத்தின் லேசர் பாதுகாப்புச் சான்றிதழ் இருந்தது. முகப்பில் இருந்த பெண்மணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது செல்லாது. எங்கள் அரை மணி நேர விளக்கத்தில் உட்கார வேண்டும், புதன்கிழமை மட்டும்” என்றார். நான் போனது வியாழன். ஏன் முன்பே சொல்லவில்லை என்றதற்கு, “நீங்கள் கேட்கவில்லையே” என்று பதில். பேராசிரியரின் கடிதத்தில் கையெழுத்து இருக்கிறது, துறை முத்திரை இல்லை என்பதையும் அப்போதுதான் கண்டுபிடித்தார். ஒளி இடுக்கியை உருவாக்கிய ஆர்தர் ஆஷ்கினுக்கே 2018இல், 96 வயதில்தான் நோபல் கிடைத்தது. ஒரு முத்திரைக்கு நான் இரண்டு வாரம் காத்திருந்தால் என்ன என்று ஃபெரியில் என்னையே தேற்றிக்கொண்டேன்.

மூன்றாம் முறை செவ்வாய் இரவே போய் லிட்டில் இந்தியாவில் தங்கினேன். ஐஸ் பெட்டியில் இருந்த சிறு குப்பிகளைக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். விடுதிக்காரர் அக்கறையாக உறைபெட்டியில் வைத்துவிட்டார். டிஎன்ஏவின் நுனி ஒட்டிக்கொள்வதற்காக ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் பூசிய நுண்மணிகள் அவை. உறைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், அப்படியே ஆனது. கைப்பையில் தனியாக ஒரு குப்பி வைத்திருந்ததால் பிழைத்தேன். எதையும் இரண்டாகப் பிரித்து எடுத்துப் போங்கள்.

புதன் காலை அரை மணி நேர விளக்கத்தில் உட்கார்ந்தேன். கடிதம், பணம் எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தன. அதன் பிறகுதான் உண்மையான சோதனை தொடங்கியது.

டிஎன்ஏவை இழுப்பதற்கு முன், மணியைப் பிடித்து வைக்கும் லேசர் பொறி எவ்வளவு விறைப்பானது என்று அளக்க வேண்டும். ஒரு மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள மணியைப் பொறியில் பிடித்து, பொறியையே சைன் அலையாக முன்னும் பின்னும் ஆட்டுவோம். நீரின் இழுவையால் மணியின் இடப்பெயர்ச்சி பொறியின் இடப்பெயர்ச்சிக்குச் சற்றுப் பின்தங்கி வரும். அந்தக் கட்ட வேறுபாட்டிலிருந்து விறைப்பு கிடைத்துவிடும். பள்ளியில் ‘ஃபாசா’ (கட்டம்), ‘செசாரான்’ (இடப்பெயர்ச்சி) என்று மலாயில் மனப்பாடம் செய்துவிட்டு, உயிரியல் படிக்கிறவளுக்கு இது எதற்கு என்று மறந்துபோன பாடம்.

அதே லேசர் திறனுக்கு முன்பு வந்தவர் பதிவேட்டில் 190 ஹெர்ட்ஸ் என்று குறித்திருந்தார். அந்த அதிர்வெண்ணில் மணி 45 பாகை பின்தங்க வேண்டும். எனக்கு 79 வந்தது. மணியை மாற்றினேன், 79. கண்ணாடித் தகட்டுக்கு அருகில் இருந்தால் இழுவை கூடும் என்பதால் இன்னும் மேலே தூக்கினேன், 78. குளிரூட்டியைக்கூடச் சந்தேகித்தேன், நீர் 25 பாகை செல்சியஸிலிருந்து 20க்கு இறங்கினால் பாகுநிலை 12 விழுக்காடு கூடும். ஆனால் 12 விழுக்காடு எங்கே, இது எங்கே! 79ஐ அப்படியே நம்பியிருந்தால் விறைப்பும், அதை வைத்துக் கணக்கிடும் விசை எல்லாமும் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். இரண்டு மணி நேரம் போயிற்று, வாடகை ஒரு மணி நேரத்துக்கு 80 வெள்ளி (ரிங்கிட்).

ஓய்வு பெறும் வயதில் ஒரு தொழில்நுட்பர் அங்கே இருந்தார். அங்கிள் என்றுதான் கூப்பிட்டேன். என் தாளைப் பார்த்துவிட்டு, பாதி அதிர்வெண்ணிலும் கால் அதிர்வெண்ணிலும் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். வரவேண்டியதைவிட மிகுதியாக வந்தவை முறையே 17 பாகை, 8 பாகை சொச்சம். 190இல் மிகுதி 34.

“அதிர்வெண் இரட்டித்தால் மிகுதியும் இரட்டிக்கிறது. இது மணியின் வேலை இல்லை, எங்கோ அரை மில்லிவினாடி தாமதம். ஏம்மா, லேசரைத் திருப்பும் கண்ணாடியை நகரச் சொன்னாய். அது நகர்ந்ததா என்று யாரைக் கேட்டாய்?”

யாரையும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அனுப்பிய கட்டளை மின்னழுத்தத்தையே பொறியின் இடப்பெயர்ச்சி என்று எடுத்துக்கொண்டிருந்தேன். கட்டளை போய்க் கண்ணாடி திரும்ப அரை மில்லிவினாடி ஆகிறது. அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் பின்னால், தூசி படிந்து, கண்ணாடியின் உண்மையான நிலையைச் சொல்லும் இன்னொரு வெளியீட்டுத் துளை இருந்தது. அங்கிள் சட்டைப்பையிலிருந்து துணி எடுத்துத் துடைத்துவிட்டு, கேபிளை மாற்றிச் செருகினார்.

46.

இப்படிக் கண்ணாடியைத் திருப்பிப் பொறியை ஆட்டும் எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் முதலில் அந்தத் துளையைத் தேடுங்கள். வழிகாட்டித் தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. பென்சிலால் நானே எழுதி வைத்துவிட்டு வந்தேன்.

மீதி நேரத்தில் புரதத்துக்குப் போக முடியவில்லை. 48,502 கார இணைகள் கொண்ட, லாம்ப்டா என்ற வைரஸின் டிஎன்ஏவை மட்டும் இழுத்துப் பார்த்தேன். 2 பிக்கோநியூட்டனில் 14.8 மைக்ரோமீட்டர், பாடப்புத்தகம் சொல்லும் நீளமேதான். புரதத்துக்காக மீண்டும் முன்பதிவு செய்ய முகப்புக்குப் போனேன். அந்தப் பெண்மணி புதுப் படிவத்தை நீட்டி, முத்திரை வைக்கவேண்டிய கட்டத்தை இம்முறை தானே வட்டமிட்டுக் காட்டினார்.