பாலம் பார்க்கும் வேலை: ஆய்வுக் குழுத் தலைவர் தகுதி வாங்கிய அனுபவம்

அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாலத்தை ஆய்வு செய்யும் குழுவுக்குத் தலைவராக இருக்கத் தனித் தகுதி வேண்டும். சிவில் பட்டம் மட்டும் போதாது. எனக்கு அது கைக்கு வர இரண்டரை ஆண்டு பிடித்தது. நம் ஊரிலிருந்து இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் அவ்வப்போது வழி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் ஊரில் பார்த்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் நான்கு ஆண்டுகள் ஒரு ஆலோசனை நிறுவனத்துக்காகப் பாலங்களின் நிலையைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். நம்மிடம் 6 மீட்டருக்கு மேல் நீளம் இருந்தால்தான் அது பாலம், அதற்குக் குறைந்தால் கல்வெட்டு. கல்வெட்டு என்றால் சாசனம் இல்லை, சாலைக்கு அடியில் போகும் சிறு மதகு. நீளம், எத்தனை கண், தூணின் வகை, தாங்கியின் (பாலத்தின் மேற்பகுதிக்கும் தூணுக்கும் நடுவில் வைக்கும் மெத்தை) வகை, விரிசல், கம்பி வெளியே தெரிகிறதா என்று பக்கம் பக்கமாகப் படிவம். ஒரு நாளைக்கு ஐந்தாறு பாலம் முடித்தாக வேண்டும்.

பாலத்தின் மேல் நின்றபடியே கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஒரு மேடையைக் கீழே இறக்கி, அடிப்பக்கத்துக்கு ஆளைக் கொண்டுபோகும் வண்டி ஒன்று உண்டு. எங்கள் கைக்கு அது வந்தது நான்கு ஆண்டில் மூன்றே முறை. மற்ற நாட்களில் ஆற்று மணலில் நின்று பைனாகுலரில் அண்ணாந்து பார்ப்போம். பத்துப் பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் தூணுக்கும், மேல்தளத்தைத் தாங்கும் நீள விட்டமான கர்டருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் ரப்பர் தாங்கி, கீழிருந்து பார்த்தால் ஒரு கறுப்புக் கோடு, அவ்வளவுதான். அப்படி ஒரு கறுப்புக் கோட்டைப் பார்த்து 'நிலை: நன்று' என்று எழுதியிருக்கிறேன். அடுத்த ஆண்டு அந்த வண்டி கிடைத்து அதே தாங்கியின் முன்னால் போய் நின்றபோது, ரப்பர் பிதுங்கி, பாதி பீடத்துக்கு வெளியே நகர்ந்திருந்தது. அது ஒரு வருடத்தில் நகர்ந்த நகர்வு இல்லை. பார்க்காததைப் பார்த்ததாக எழுதியிருந்தேன். இன்று வரை அது மனதை உறுத்துகிறது.

ஆனால் நம் ஆறுகள் ஒரு விஷயத்தில் நமக்குப் பெரிய உதவி செய்கின்றன. கோடையில் பெரும்பாலான ஆறுகள் வற்றிக் கிடக்கும், தூணின் காலடி வரை நடந்தே போகலாம். ஒரு முறை ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு தூணைக் காட்டினார். "தம்பி, நாலு வருசம் முந்தி இதெல்லாம் மண்ணுக்குள்ள கெடந்துச்சு." கிணறு போல ஆற்றுக்குள் இறக்கிய அஸ்திவாரத்தின் மேல் விளிம்பிலிருந்து என் நெஞ்சு உயரத்துக்கு மணல் போயிருந்தது. ஆற்றுப் பாலங்களைச் சாய்ப்பது பெரும்பாலும் இந்த அடியரிப்புதான். திருச்சியில் கொள்ளிடத்தின் குறுக்கே 1928-இல் கட்டிய பழைய இரும்புப் பாலம், 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண்கள் சரிந்து விழுந்ததைப் பலரும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நல்லவேளையாகப் போக்குவரத்து அதற்கு முன்பே பக்கத்துப் புதிய பாலத்துக்கு மாறியிருந்தது.

சரி, தகுதிக்கு வருகிறேன். விதியில் பல வழிகள் இருக்கின்றன. நான் போன வழி: பட்டம், எஃப்.இ. என்ற அடிப்படைப் பொறியியல் தேர்வு, இரண்டு ஆண்டு ஆய்வு அனுபவம், பிறகு முழுமையான பயிற்சி வகுப்பு. இந்தியப் பட்டம் இங்குள்ள பட்டத்துக்குச் சமமானதுதான் என்று மதிப்பீடு வாங்க வேண்டும். எஃப்.இ. தேர்வில் 110 கேள்விகள், எல்லாச் சடங்கும் சேர்த்து 6 மணி நேரம். கல்லூரி முடித்துப் பல ஆண்டு ஆனவர்கள் கணக்கையும் திரவ இயக்கவியலையும் தூசி தட்டி எடுக்க மூன்று மாதமாவது ஒதுக்குங்கள். எனக்கு வீணாகப் போனது வேறொரு விஷயத்தில். ஊரில் பார்த்த நான்கு ஆண்டையும் அனுபவக் கணக்கில் சேர்க்க முடியுமா என்று பழைய நிறுவனத்திடம் அத்தாட்சிக் கடிதம் கேட்டேன். எட்டு மாதம் மின்னஞ்சல் போய்க்கொண்டே இருந்தது. கடிதம் வந்தபோது இங்கேயே எனக்கு இரண்டு ஆண்டு முடிந்திருந்தது. ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே, எந்தெந்தப் பாலத்தில் என்ன வேலை பார்த்தோம் என்று விவரமாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பயிற்சி வகுப்பு இரண்டு வாரம், 80 மணி நேரம். கடைசித் தேர்வில் 70 சதவீதம் எடுக்க வேண்டும். முதல் நாள் முதல் மணி நேரம் முழுக்க ஒரே ஒரு பாலத்தைப் பற்றித்தான் பேசினார்கள். மேற்கு வர்ஜீனியாவின் பாயின்ட் பிளெசன்ட்டில் ஒஹையோ ஆற்றின் மேல் நின்ற சில்வர் பாலம். 1928-இல் கட்டியது, நம் கொள்ளிடம் பாலத்தின் வயதுதான். கம்பி வடத்துக்குப் பதில், இரண்டு முனையிலும் வளையம் வைத்த எஃகுப் பட்டைகளைச் சங்கிலியாகக் கோத்துத் தொங்கவிட்ட பாலம். கண்ணிக்கு இரண்டே பட்டைகள். 1967 டிசம்பர் 15, கிறிஸ்துமஸ் நெருங்கும் மாலை நேர நெரிசலில் ஒரு பட்டையின் வளையம் உடைந்தது. பாலம் முழுவதும் ஆற்றில் விழுந்து 46 பேர் இறந்தார்கள். உடைந்த இடத்தில் இருந்த பழைய விரிசலின் ஆழம் சுமார் 2.5 மில்லிமீட்டர். அதுவும் வளையத்தின் உட்பக்கம். கழற்றிப் பார்த்தாலொழிய அன்றைக்கு யாராலும் அதைக் கண்டிருக்க முடியாது.

அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் 1968-இல் சட்டம் வந்து, 1971-இல் நாடு முழுவதற்கும் பொதுவான ஆய்வு விதிகள் வந்தன. பொதுவாக 24 மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு பாலத்தையும் பார்க்க வேண்டும் என்ற வழக்கம் அப்படிப் பிறந்தது. 1983-இல் கனெக்டிகட்டில் மியானஸ் ஆற்றுப் பாலத்தின் ஒரு கண் விழுந்து மூன்று பேர் இறந்த பிறகு, ஒன்று உடைந்தால் பாலமே விழும் என்ற நிலையிலுள்ள உறுப்புகள் மேல் தனிக் கவனம் வந்தது. அவற்றைக் கைக்கெட்டும் தூரத்தில் போய்த்தான் பார்க்க வேண்டும் என்பது இன்று விதி. 1987-இல் நியூயார்க் மாநிலத்தில் ஷோஹாரி ஓடைப் பாலம் அடியரிப்பால் விழுந்து பத்துப் பேர் இறந்த பிறகு, தண்ணீருக்குள் இருக்கும் தூண்களுக்கு மூழ்காளர்களை இறக்கி ஆய்வு செய்வது கட்டாயமாயிற்று. அதற்கு வழக்கமான கெடு 60 மாதம். நான் மணலில் நடந்து பார்த்ததை இங்கே ஒருவர் கலங்கல் தண்ணீரில், பெரும்பாலும் கையால் தடவித்தான் பார்க்கிறார்.

ஜப்பானில் பல ஆண்டு இதே வேலை பார்த்துவிட்டு வந்த ஒருவர் எங்கள் அலுவலகத்தில் இருக்கிறார். அங்கே திருப்புமுனையானது ஒரு பாலம்கூட இல்லை. 2012 டிசம்பர் 2 அன்று சசாகோ நெடுஞ்சாலைச் சுரங்கத்தில் மேற்கூரைப் பலகைகள் விழுந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அதன் பிறகு விதியை மாற்றி, 2014 முதல் 2 மீட்டர் நீளமுள்ள சின்னப் பாலம் உட்பட எல்லாவற்றையும் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை நெருங்கிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். சுத்தியலால் தட்டிக் கேட்பது அங்கே பெரிய கலை. அவர்தான் எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். சந்தையில் அம்மா பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குவது போலத்தான். நல்ல காங்கிரீட் 'டங்' என்று கணீரென்று திருப்பிச் சொல்லும். உள்ளே கம்பி துருப்பிடித்து மேலோடு பிரிந்திருந்தால் 'டொக்' என்று அமுங்கிப் போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சத்தம் உண்டு, அதைப் பிடிக்கத்தான் பழக்கம் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தட்டச் சொல்வார். சில நாளில் பிடிபட்டது.

ஜெர்மனியில் முறை வேறு. ஆறு ஆண்டுக்கு ஒரு முறை முழு ஆய்வு, நடுவில் மூன்றாம் ஆண்டில் எளிய ஆய்வு. மதிப்பெண் 1.0-இல் தொடங்கி 4.0 வரை, எண் கூடக்கூட நிலை மோசம். ஜப்பானில் ஒன்றிலிருந்து நான்கு வரை, நான்கு என்றால் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும். அமெரிக்காவில் தலைகீழ்: 9 மிகச் சிறப்பு, 0 என்றால் செயலிழந்து மூடப்பட்ட பாலம். இங்கே 4 என்றால் 'மோசம்' என்ற வகையில் வரும், ஆனால் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும். வெளிநாட்டு அறிக்கை படிக்கிறவர்கள் எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிடாதீர்கள்.

இனி என் முதல் முழு ஆய்வைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த அதே ஆண்டு இலையுதிர் காலம், ஒரு நதியின் மேல் பழைய எஃகு கர்டர் பாலம். ஒரு தடத்தை அடைத்து, முன்பு சொன்ன அந்த மேடை வண்டியை நிறுத்தினோம். அதன் மேடையை இங்கே பக்கெட் என்பார்கள். பக்கெட்டில் நானும் அப்போதைய குழுத் தலைவரும். பாலத்துக்கு அடியில் போனதும் எனக்கு முதலில் தெரிந்தது சத்தம். மேலே ஒவ்வொரு லாரி போகும்போதும் இணைப்புகளில் ஒரு தடார், அப்புறம் கர்டர் முழுக்க ஒரு நடுக்கம். கையை வைத்தால் அந்த நடுக்கம் முழங்கை வரை ஏறுகிறது.

கர்டரின் செங்குத்துத் தகட்டில், குறுக்குச் சட்டம் வந்து சேரும் இடத்தில், ஒரு விறைப்புத் தகட்டைப் பற்றவைத்திருப்பார்கள். பழைய பாலங்களில் அந்தத் தகட்டை, இழுவிசை வரும் விளிம்புத் தகட்டோடு சேர்த்துப் பற்றவைக்காமல் இரண்டு விரல் இடைவெளி விட்டுவிடுவது வழக்கம். பற்றவைத்தால் அங்கே விரிசல் வரும் என்று பயந்தார்கள். ஆனால் லாரி ஒரு தடத்தில் போகும்போது பக்கத்துப் பக்கத்துக் கர்டர்கள் சமமாகத் தாழ்வதில்லை. நடுவிலுள்ள குறுக்குச் சட்டம் அந்த வித்தியாசத்தை இழுத்துத் தள்ள, முழு வளைவும் அந்த இரண்டு விரல் இடைவெளியில் வந்து சேரும். கட்டுக் கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிப்போமே, அதே வேலைதான் அங்கே பல ஆண்டுகளாக நடக்கிறது.

அப்படி ஓர் இடைவெளியில், பச்சைப் பெயிண்ட்டின் மேல் பென்சிலால் கீறியது போல ஒரு பழுப்புக் கோடு. கீழிருந்து பைனாகுலரில் பார்த்திருந்தால் நிச்சயம் அழுக்கு என்றுதான் எழுதியிருப்பேன். தலைவர் பெயிண்ட்டைச் சுரண்டச் சொன்னார். கரைப்பான் தெளித்துத் துடைத்து, சிவப்புச் சாயத்தைப் பீய்ச்சிப் பத்து நிமிடம் காத்திருந்தோம். பிறகு சுத்தமான துணியால் சாயம் முழுவதையும் ஒற்றி எடுத்தேன். உலோகம் பளிச்சென்று இருந்தது. அதன் மேல் வெள்ளைப் பொடியைத் தெளித்தோம். சில நொடி ஒன்றுமில்லை. அப்புறம் வெள்ளைக்குள்ளிருந்து மெல்ல மெல்ல ஒரு சிவப்புக் கோடு கசிந்து வெளியே வந்தது, தலைமுடி அளவு மெல்லியது, வெல்டிங்கின் ஓரமாகவே போய் ஒரு முனையில் கொஞ்சம் திரும்பியிருந்தது. அளந்தோம், 18 மில்லிமீட்டர்.

பாலத்தை மூடும் அளவுக்கு அது ஆபத்து இல்லை. ஆறு கர்டர்கள் இருந்தன, ஒன்று பலவீனமானாலும் மற்றவை தாங்கும். ஆனாலும் தலைவர் பக்கெட்டில் நின்றபடியே பாலத்தின் பொறுப்பாளருக்குப் போன் போட்டார். அந்தக் குளிர்காலத்துக்குள் விரிசலின் முனையில் ஒரு வட்டத் துளை போட்டார்கள். கூர்மையான முனையை வட்டமாக்கிவிட்டால் விரிசல் மேலே ஓடுவது நிற்கும்.

அந்தப் போனை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 2022 ஜனவரி 28 அன்று பிட்ஸ்பர்க்கில் ஃபெர்ன் ஹாலோ பாலம் விழுந்தது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. அதை யாரும் பார்க்காமல் விடவில்லை. ஆண்டாண்டாக ஆய்வு செய்து, வடிகால் அடைத்திருக்கிறது, பாலத்தின் கால்கள் துருவால் அரிபடுகின்றன என்று திரும்பத் திரும்ப எழுதியிருந்தார்கள். எழுதியபடி வேலை நடக்கவில்லை என்பதுதான் விசாரணையில் வந்த முடிவு. படிவத்தை ஏற்றிவிட்டு அடுத்த பாலத்துக்குப் போய்விட என்னால் இப்போது முடிவதில்லை. எழுதியது என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

கையால் தொட்டாலும் தெரியாதவையும் இருக்கின்றன. 2024 செப்டம்பர் 11 விடியற்காலையில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலுள்ள கரோலா பாலத்தில் டிராம் ஓடும் பகுதி எல்ப் ஆற்றில் விழுந்தது. கடைசி டிராம் சற்றுமுன்தான் கடந்திருந்தது. காங்கிரீட்டுக்குள் புதைந்த, அதை இறுக்கிப் பிடிக்க இழுத்துக் கட்டிய முன்னிறுக்கக் கம்பிகள் உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டிருந்தன. அந்த மாதிரிக் கம்பிகள் அறுபடும் ஒலியைக் கேட்கும் கருவிகளை இப்போது சில பாலங்களில் பொருத்துகிறார்கள். அதில் எனக்குப் பெரிய நம்பிக்கை உண்டு.

தகுதிச் சான்று ஒரு வெள்ளிக்கிழமை மின்னஞ்சலில் வந்தது. அதோடு முடியவில்லை, 60 மாதத்துக்குள் 18 மணி நேரப் புத்தாக்கப் பயிற்சி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தலைவராக நான் போன மூன்றாவது பாலம், 24 மாதம் சுற்றி வந்து அதே பச்சைப் பாலம். பக்கெட்டை நேராக அந்த இணைப்புக்கு விட்டேன். துளை இருந்தது. அதன் பக்கத்தில் இரண்டு ஆண்டுக்கு முன் நான் மார்க்கரால் எழுதிய தேதி மங்கலாக இருந்தது. சுத்தம் செய்து, சாயம் பீய்ச்சி, பத்து நிமிடம் காத்திருந்து, வெள்ளை தெளித்தேன். சிவப்புக் கோடு வெல்டிங் ஓரமாக வந்து துளையின் விளிம்பில் நின்றுவிட்டது. மறுபக்கம் வெள்ளையாகவே இருந்தது. இன்னொரு பத்து நிமிடம் பார்த்துவிட்டு, பழைய தேதிக்குக் கீழே அன்றைய தேதியை எழுதினேன்.