காகித நட்சத்திரத்தை இறக்கிய பிறகு

நேற்று மூன்று ராஜாக்கள் திருநாள். குடிலைக் கலைத்து, மேய்ப்பர்களையும் ஆட்டுக்குட்டிகளையும் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டோம். வழிபாட்டு நாள்காட்டிப்படி ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை கிறிஸ்து பிறப்புக் காலம்தான். ஆனாலும் எங்கள் வீட்டில் ஜனவரி 6-ஆம் தேதி இரவே நட்சத்திரத்தை இறக்கிவிடுவோம். அதற்காக நானும் அப்பாவும் மாடிக்குப் போனோம்.

பல்பை அணைத்ததும் வானம் வெறும் கறுப்பாகத் தெரிந்தது. கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடமாவது வேண்டும். அதுவரை கைப்பேசியைத் தொடக் கூடாது என்று அப்பாவிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். மெல்ல மெல்லக் கிழக்கில் அந்த மூன்று விண்மீன்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் துலங்கின. ஒரையன் என்ற வேட்டைக்கார விண்மீன் கூட்டத்தின் இடைக்கச்சை. பல நாடுகளில் இவற்றுக்கும் மூன்று ராஜாக்கள் என்றே பெயர். மூன்றையும் இணைக்கும் கோட்டைக் கீழே நீட்டினால் சிரியஸ், இரவு வானிலேயே மிகப் பிரகாசமான விண்மீன். மேலே நீட்டினால் ரோகிணி, அதற்கும் அப்பால் கார்த்திகைக் கூட்டம்.

குழந்தை இயேசுவைத் தேடி வந்தவர்களை மத்தேயு நற்செய்தி ராஜாக்கள் என்று சொல்லவில்லை. மூவர் என்றும் சொல்லவில்லை. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் எனக் காணிக்கைகள் மூன்று என்பதால் ஆட்களும் மூவரானார்கள். கிழக்கிலிருந்து வந்த ஞானிகள், ஒரு விண்மீன் எழக் கண்டவர்கள். எனக்கு அதுவே போதும். அண்ணாந்து பார்க்கும் பழக்கம் இருந்ததால்தானே கிளம்பினார்கள்? இந்தத் திருநாளை அண்ணாந்து பார்த்தே முடிக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

அப்பாவுக்கு நவம்பரில் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்தது. புரை விழுந்த கண்ணின் லென்ஸ் மஞ்சளித்துப்போய், நீல ஒளியை உள்ளே விடாமல் தடுக்கும். சில ஆண்டுகளாகவே அவருக்கு எல்லா விண்மீனும் ஒரே பழுப்பாகத்தான் தெரிந்திருக்கிறது. பைனாகுலரை அவர் கையில் கொடுத்து முதலில் திருவாதிரையைக் காட்டினேன். கங்கு போன்ற செம்மஞ்சள், உடனே பிடித்துவிட்டார். பிறகு கச்சைக்கு மறுபுறம் இருக்கும் ரைஜெல் என்ற விண்மீனுக்குத் திருப்பினேன். நெடுநேரம் பேச்சில்லை.

“இவ்வளவு நீலமாம்மா இது?” என்றார்.

கச்சைக்கு அருகே புகைபோல் மங்கித் தெரியும் நெபுலாவையும், அதாவது வாயுவும் தூசியும் நிறைந்த மேகத்தையும், காட்டினேன். 1,300 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளி, அங்கே இப்போதும் விண்மீன்கள் பிறக்கின்றன என்றேன். தலையாட்டினார். ஆனால் பைனாகுலர் மறுபடியும் ரைஜெலுக்கே போய்விட்டது.

காகித நட்சத்திரத்தை மடித்து எடுத்துக்கொண்டு நான் கீழே இறங்கினேன். அப்பா வரவில்லை.