அடியில் தங்குவதும் கம்பியில் சிக்குவதும்

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கழிவு அடியில் தங்குவதற்காக நீரை அமைதியாக வைத்திருக்கும் படிவுத் தொட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்றே எனக்குத் தோன்றும். காற்றூட்டும் தொட்டியில் நுரை பொங்கிக்கொண்டிருக்கும். பம்பு அறையில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. இந்த வட்டத் தொட்டி மட்டும் குளம்போலக் கிடக்கும். தங்கிய கசடைக் குழிக்குத் தள்ளியபடி அடியில் சுற்றும் சுரண்டி ஒரு சுற்று வர ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். நீரை அப்படிச் சலனமில்லாமல் வைத்திருப்பதுதான் அங்கே நடக்கும் வேலை என்பதும், அதைக் கெடுப்பதற்கான வழிகள் பெரும்பாலும் தொட்டிக்கு வெளியே இருக்கின்றன என்பதும் எனக்குப் புரிய இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

முதல் பாடம் கம்பிச் சல்லடையில் கிடைத்தது. எங்கள் வாய்க்காலில் 20 மில்லிமீட்டர் இடைவெளியில் சாய்வாக நிறுத்திய கம்பிகள் இருந்தன. அவற்றில் சிக்குவதை ஆள் நின்று வாரியால் இழுத்து மேலேற்ற வேண்டும். பிளாஸ்டிக் உறையும் குச்சியும் ஒழுங்காகச் சிக்கிவிடும். தொல்லை தருபவை துணிபோன்ற ஈரத் துடைப்புத் தாள்கள். அவை தண்ணீரில் கரைவதில்லை. நீளவாக்கில் திரும்பினால் கம்பிக்கு நடுவே நழுவிவிடும். ஒருமுறை அடைத்துக்கொண்ட பம்பைப் பிரித்தபோது, அந்தத் தாள்களும் தலைமுடியும் சேர்ந்து முறுக்கேறி, என் முன்கை பருமனுக்கு ஒரு வடமாகச் சுழலியைச் சுற்றியிருந்தன. கத்தியால் அறுத்தெடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

அதற்குக் காரணம் இரவு ஷிப்டில் வாரியைத் தொடாமல் விட்டதுதான். சல்லடை அடைபட அடைபட அதன் முன்னே நீர்மட்டம் ஏறும். மிச்சமிருக்கும் இடைவெளிகளில் நீர் முன்னிலும் வேகமாகப் பாயும். தடுத்து நிறுத்த வேண்டியதை அந்த வேகமே அந்தப் பக்கம் தள்ளிவிடும். விடியற்காலையில் யாரோ ஒருவர் மொத்தத்தையும் ஒரே மூச்சில் வாரி எடுப்பார். அதுவரை தேங்கிநின்ற நீர் திமுதிமுவென்று அடுத்திருக்கும் மணல் வாய்க்காலுக்குள் இறங்கும். அந்த வாய்க்கால் விநாடிக்கு 0.3 மீட்டர் வேகத்துக்காகக் கட்டப்பட்டது. அந்த வேகத்தில் மணல் கீழே தங்கும், எடை குறைந்த கரிமக் கழிவு மிதந்துகொண்டே போகும். வேகம் இரட்டித்தால், முந்தைய நாள் தங்கிய மணலும் கிளம்பிவிடும். பிறகு அது படிவுத் தொட்டியில் போய்ச் சேர்ந்து, கசடு பம்பின் உட்புறத்தைத் தேய்க்கும். பம்பு தேய்வதற்குத் தரமில்லாத உலோகமே காரணம் என்று நாங்கள் பல மாதங்கள் நம்பிக்கொண்டிருந்தோம்.

தங்குவதற்கு ஒரு துகள் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் பொறுமையின் அளவு தெரியும். 1851-இல் இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் வெளியிட்ட விதிப்படி, சிறிய துகள் இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். மணலின் அடர்த்தி கொண்ட 0.01 மில்லிமீட்டர் துகள் அசையாத நீரில் ஒரு மீட்டர் இறங்க ஏறத்தாழ 3 மணி நேரம் ஆகும். விட்டம் பத்தில் ஒரு பங்கானால் பன்னிரண்டு, பதின்மூன்று நாட்கள் ஆகும். அவ்வளவு நுண்ணியதை வெறுமனே காத்திருந்து பிடிக்க முடியாது. படிகாரம் போன்ற ஒன்றைக் கலந்து திரளாக்க வேண்டும். ஆழமான தொட்டி கட்டினால் கூடுதலாகத் தங்கும் என்று நானும் நினைத்தவன்தான். ஆழம் இருமடங்கானால் நீர் நிற்கும் நேரமும் இருமடங்காகும், துகள் இறங்க வேண்டிய தூரமும் இருமடங்காகும், மிச்சம் ஒன்றுமில்லை. பரப்பளவே கணக்கு என்று பொறியாளர் ஏலன் ஹேசன் 1904-இலேயே எழுதிவிட்டார்.

ஆனால் அந்தப் பரப்பு முழுவதையும் நீர் பயன்படுத்த வேண்டுமே! எங்கள் தொட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் தெளிந்த நீரோடு கசடுத் துணுக்குகளும் வழிந்துகொண்டிருந்தன. நான் ஆய்வகத்தில் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். அங்கே நெடுங்காலம் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் என்னை விளிம்புக்கு அழைத்துப்போய், "தம்பி, பாசியைப் பாருங்க" என்றார். விளிம்பைச் சுற்றியுள்ள தகட்டின் முக்கோண வெட்டுகள் வழியாகத்தான் தெளிந்த நீர் வழிந்து வெளியேறும். ஒரு பக்கத்து வெட்டுகளில் பாசி நீளமாக நீரோடு இழுபட்டுக் கிடந்தது. எதிர்ப்பக்கத்தில் காய்ந்து ஒட்டியிருந்தது. தகடு ஒருபுறம் ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. முக்கோண வெட்டில் நீரின் உயரம் 4 சென்டிமீட்டருக்குப் பதிலாக 5 ஆக இருந்தால், ஓட்டம் முக்கால் மடங்கு கூடிவிடும். போல்ட்டுகளைத் தளர்த்தித் தகட்டை மட்டம் பார்த்து வைத்தோம். அத்தோடு அந்தத் தொல்லை தீர்ந்தது.

என் பெயரில் பதிவாக வேண்டிய தவறு இதற்குப் பிறகுதான் வந்தது. தொட்டியிலிருந்து எடுக்கும் கசடு நீர்த்துப்போய் இருக்கிறது என்ற குறை வெகுநாளாக இருந்தது. திடப்பொருள் நூற்றுக்கு 1 என்பது 2 ஆனால் கையாள வேண்டிய கன அளவு பாதியாகும் என்பது கணக்கு. ஆகவே கசடை இன்னும் கொஞ்சம் அடியில் கிடக்கவிட்டால் இறுகும் என்று முடிவுசெய்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டிய பம்பை ஷிப்டுக்கு ஒருமுறை என்று மாற்றினேன். கசடு இறுகத்தான் செய்தது. கூடவே அழுகவும் செய்தது. மூன்றாம் நாள் நண்பகலில், உள்ளங்கை அகலத்துக்குக் கரிய வில்லைகள் ஒவ்வொன்றாக மேலே வந்து, குமிழ் விட்டு, உடைந்து பரவின. அழுகலில் உண்டாகும் வாயு கசடுக்குள்ளேயே சிக்கி அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. முட்டை கெட்டதுபோன்ற நெடி அலுவலக வாசல் வரை வந்தது.

பதறிப்போய் பம்பை முக்கால் மணி நேரம் இடைவிடாமல் ஓட்டினேன். அது அடுத்த தவறு. முதல் சில நிமிடங்கள் கெட்டியாக வந்தது. பிறகு வெறும் கலங்கல் தண்ணீர். இறுகிய கசடு குழியின் சுவரோரமாக அப்படியே நிற்க, நடுவில் ஒரு துளை விழுந்து, மேலிருந்த நீர் அதன் வழியாகப் பம்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வேகமாக உறிஞ்சினால் நிறைய வரும் என்று நினைத்த எனக்கு, வந்ததெல்லாம் மறுபடியும் சுத்திகரிக்க வேண்டிய தண்ணீராகவே இருந்தது.

இப்போது சுரண்டியை நிறுத்துவதில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, சில நிமிடங்கள் மட்டுமே பம்பு ஓடும். நேரத்தைக் கடிகாரத்தில் குறித்துவைத்திருந்தாலும், பம்புக் குழாயிலுள்ள சிறிய குழாய்வாயைத் திறந்து கண்ணாடிக் குடுவையில் பிடித்துப் பார்க்காமல் நான் நிறுத்துவதில்லை. அடர்ந்த சாம்பல் நிறம் வரும்வரை ஓடலாம். குடுவைக்குப் பின்னால் பிடித்த விரல் மங்கலாகத் தெரியத் தொடங்கியதும் வால்வை மூடிவிடுவேன்.