பாமினியிலிருந்து யூனிகோடுக்கு: ஒரு தமிழ் நாளிதழ் டெஸ்க் இணையத்துக்கு மாறிய வழி

மாறத் தொடங்கிய நாட்களில் கூட்டங்களில் பேசப்பட்டதெல்லாம் வேகத்தைப் பற்றித்தான். வேலையில் இறங்கியபின் மாதக்கணக்கில் நேரத்தைத் தின்றது எழுத்துரு. இன்னும் பாமினியிலோ வேறு பழைய எழுத்துருவிலோ பக்கம் கட்டிக்கொண்டு, அதே காப்பியை (செய்திப் பிரதியை) இணையத்திலும் ஏற்றப்போகிற டெஸ்க்குகளுக்காக (செய்தி ஆசிரியர் குழுக்களுக்காக) இதை எழுதுகிறோம்.

பாமினி போன்ற எழுத்துருக்களில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். 'அம்மா' என்று அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் தெரியும். தாளுக்கு அது போதும். மை படிந்தபின் உள்ளே என்ன குறியீடு இருந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. தேடுபொறியோ அதை மட்டும்தான் பார்க்கிறது. தமிழக அரசு 1999-இல் டாம், டாப் என்ற எழுத்துக் குறியீட்டுத் தரங்களையும், 2010-இல் எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடையும் டேஸ்16 என்ற தரத்தையும் ஏற்றது. ஆனால் நாங்கள் பக்கம் கட்டிய மென்பொருளான பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. அதன் 7.0 பதிப்பு 2001-இல் வந்ததோடு வளர்ச்சி நின்றுவிட்டது. அதற்கு அடுத்து வந்த பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் தமிழ் ஒழுங்காக அமைய 2012-இல் வந்த சிஎஸ்6 பதிப்பு வரை பொறுக்க வேண்டியிருந்தது. ஆகவே பக்கம் ஒரு குறியீட்டில், இணையம் இன்னொரு குறியீட்டில், நடுவே ஒன்றை இன்னொன்றாக்கும் நிரலான ஒரு மாற்றி என்றே பல ஆண்டுகள் ஓடின.

மாற்றியில் போடுவதற்கு முன்பே பாதித் தவறு நடந்துவிடும். பேஜ்மேக்கரிலிருந்து காப்பியை வெறும் உரையாக எடுக்கக் கூடாது. தமிழ்ப் பத்திக்குள் ஆங்கில எழுத்துருவில் அடித்த நிறுவனப் பெயர், மாத்திரைப் பெயர் எல்லாம், எழுத்துரு விவரம் தொலைந்ததும், பாமினி என்றே எண்ணப்பட்டுத் தமிழ்க் குப்பையாக வந்து விழும். ஆர்டிஎஃப் (RTF) கோப்பாக எடுத்தால் எந்தத் துண்டு எந்த எழுத்துரு என்பது உடன் வரும். தலைப்புக்கும் உடலுக்கும் வேறு வேறு எழுத்துரு பயன்படுத்தும் நாளிதழ் என்றால் இரண்டுக்கும், எந்த விசைக்கு எந்த எழுத்து என்று சொல்லும் தனித்தனி அட்டவணை வேண்டும். 'தொடர்ச்சி 9-ஆம் பக்கம்' என்ற வரி, பத்தி அகலத்துக்காகக் கையால் போட்ட இடைக்கோடு, வரிமுறிவு ஆகியவற்றையும் மாற்றுவதற்கு முன்பே நீக்கிவிட வேண்டும். கொம்புக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு வரிமுறிவு நின்றால், அந்தக் கொம்பு போய் ஒட்ட இடமில்லாமல் புள்ளிவட்டத்தோடு தொங்கும்.

பழைய எழுத்துருவில் கொம்பை முதலில் அடித்துவிட்டு எழுத்தை அடிப்போம். யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. எனவே மாற்றும் வரிசை முக்கியம். கொம்பு, க, கால் என்ற மூன்றையும் சேர்த்து முதலில் 'கொ' ஆக்கிவிட்டுத்தான், கொம்பும் க-வும் மட்டும் உள்ள 'கெ'-க்கு வர வேண்டும். வரிசை மாறினால் எல்லா ஒகரமும் உடையும். இது நிரலில் ஒரு முறை சரிசெய்தால் தீர்ந்துபோகிற சிக்கல்.

தீராதது ஔகாரம். பழைய எழுத்துருவில் 'கௌரவம்' என்பதன் முதல் எழுத்தும் பேச்சுவழக்கில் வரும் 'கெளம்பு' என்பதன் முதல் இரண்டு எழுத்தும் ஒரே மூன்று விசைகள்: கொம்பு, க, ள. மாற்றி எல்லாவற்றையும் ளகரமாக விட்டால் 'கெளரவம்', 'பெளர்ணமி', 'மெளனம்' என்று பதிவாகும். திரையில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் வாசகர் சரியாக 'பௌர்ணமி' என்று அடித்துத் தேடும்போது நம் கிரிவலச் செய்தி வராமலே போகலாம். நாங்கள் வைத்துக்கொண்ட விதி: ளகரத்துக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் (தெளிவு, வெள்ளம், கெளுத்தி) அது ள, வெறும் ளகரமாக நின்று அடுத்து மெய்யோ உயிர்மெய்யோ வந்தால் ஔகாரக் குறி. பெரும்பாலும் சரியாக வரும். உடைகிற இடம் பேட்டிகளில். 'கெளம்பிட்டோம்' என்று ஊர்க்காரர் சொன்னதை அப்படியே மேற்கோளாகப் போட்டால், விதி அதைக் 'கௌம்பிட்டோம்' ஆக்கிவிடும். அதற்கென்று விதிவிலக்குப் பட்டியல் ஒன்றைக் கையால் சேர்த்துக்கொண்டே போக வேண்டும்.

இதைவிடப் பரவலானது ரகரத்துக்குப் பதில் கால். தட்டச்சுப் பழக்கத்தில் 'ர்' அடிக்கக் காலை அடித்துப் புள்ளி வைப்பார்கள், 'ரி' அடிக்கக் காலை அடித்து விசிறி (இகரக் குறி) போடுவார்கள். அச்சில் வடிவம் சரியாகவே இருக்கும். அது யூனிகோடுக்கு வந்ததும் 'அவா்கள்' என்று பதிவாகிறது. தமிழில் காலுக்குப் பின் புள்ளியோ விசிறியோ எங்கும் வராது. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம் என்று நினைத்தோம். விடுபட்டது 'பெரியார்'. அதில் ப-வுக்கு முன் கொம்பு, பின்னால் கால். மாற்றி அந்த இரண்டையும் சேர்த்து 'பொ' ஆக்கிவிட்டது. சொல் 'பொியார்' ஆனது. 'பெரிய', 'பேரிடர்' எல்லாம் இதே கதி. ஒகர, ஓகாரக் குறிக்குப் பின் விசிறியோ புள்ளியோ நின்றால் கொம்பையும் ரகரத்தையும் பிரிக்க வேண்டும் என்று இன்னொரு விதி சேர்த்தபின்தான் தீர்ந்தது. இந்தப் பிழைகளைப் பட்டியல் போட்டவர்கள் பிழை திருத்துநர்கள். இணையம் வந்ததும் முதலில் குறைக்கப்பட்டவை அவர்களின் இடங்கள்தான். அது பெரிய தவறு. விசைப் பழக்கம் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் எந்த நிரலாளராலும் இந்த விதிகளை எழுத முடியாது.

எழுத்து நேரானபின் காலம் வந்து நின்றது. நாளிதழ்க் காப்பி மாலையில் எழுதப்படுகிறது, மறுநாள் காலையில் படிக்கப்படுகிறது. அதனால் இன்று நடந்ததை 'நேற்று' என்று எழுதுவதே நிருபரின் பழக்கம். அதே காப்பி இரவு எட்டு மணிக்கு இணையத்தில் ஏறினால், இன்று மதியம் நடந்த விபத்து நேற்று நடந்ததாகிவிடும். 'நாளை கடையடைப்பு' என்பது இன்னும் ஆபத்து. ஒரு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் சுற்றும்போதும் நாளை என்றே சொல்லும். நேற்று, இன்று, நாளை மூன்றையும் காப்பியிலிருந்து எடுத்துவிட்டுக் கிழமையும் தேதியும் எழுதச் சொன்னோம். பகுதி நிருபர்கள் பழக மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை டெஸ்க்கில் ஒருவர் அதை மட்டும் பார்க்க வேண்டும்.

தலைப்பிலும் இதே போன்ற இழப்பு உண்டு. மாவட்டப் பக்கத்தில் 'மீண்டும் மறியல்' போதும். பக்கத்தின் மேலேயே ஊர் இருக்கிறது. கைப்பேசியில் அது அநாதையாக வரும். ஊர், யார், என்ன ஆகிய மூன்றும் முதல் ஐந்து சொற்களுக்குள் வந்துவிட வேண்டும், அறிவிப்பில் மிச்சம் வெட்டுப்படும். இணைப்பு முகவரியைத் தமிழில் விடாதீர்கள். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் முகவரியில் ஒன்பது எழுத்தாக விரியும். 'தாமரை' மட்டுமே (த, கால், ம, ர, ஐகாரக் குறி என ஐந்து குறி) 45 எழுத்து. நகல் எடுத்து அனுப்பும்போது பாதியில் முறிந்தால் செய்தி திறக்காது. ஆங்கில எழுத்தில் நான்கைந்து சொல் போதும்.

திருத்தம் போடும் முறையை முதல் நாளே முடிவு செய்துகொள்ள வேண்டும். அச்சில் மறுநாள் ஒரு பெட்டிச் செய்தி போடுவோம். இணையத்தில் உடல், தலைப்பு, படக்குறிப்பு, பகிர்வுப் படம், சமூக வலைதளப் பதிவு என ஐந்து இடத்தில் அதே தவறு உட்கார்ந்திருக்கும். போன அறிவிப்பைத் திரும்பப் பெற முடியாது, திருத்திய அறிவிப்பை இன்னொரு முறை அனுப்பத்தான் வேண்டும். உடலின் அடியில் எந்த நேரத்தில் எது திருத்தப்பட்டது என்று எழுதுங்கள். சத்தமில்லாமல் மாற்றினால், பழைய திரைப்பிடிப்பை வைத்திருக்கும் வாசகர் நம்மைத்தான் பொய்யர் என்பார். முகவரியை மட்டும் மாற்றாதீர்கள். ஏற்கெனவே பகிர்ந்த இணைப்புகள் எல்லாம் செத்துப்போகும்.

திங்கள்கிழமை தோறும் நாங்கள் செய்யும் சோதனை எளிது. பௌர்ணமி, பெரியார், போர், கௌரவம், அவர்கள் என்ற ஐந்து சொற்களையும் விசைப்பலகையில் புதிதாக அடித்து நம் தளத்திலேயே தேடுகிறோம். முந்தைய வாரம் வந்த செய்திகளில் எது விடுபடுகிறதோ, அதன் காப்பி எந்த ஊர் நிருபரின் எந்தக் கணினியிலிருந்து வந்தது என்று பின்தொடர்ந்தால், பழைய விசைப் பழக்கமோ பழைய மாற்றியோ அங்கே இருக்கும்.